லண்டன் ஆமைக்குக் காயப்போட்ட புல்லு

போன ஆவணி மாதம் எங்களில் ஒருத்தியின் பெரியம்மா லண்டனிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தா. பழைய நெற் யன்னல்சீலை ஒன்றை நாலு கதிரைகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டி, அதன்மேல் இலைகளைப் பரப்பியிருந்தா. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் ஒன்றுதான் நினைவுக்கு வரும். "வேப்பம்பூ வடகத்துக்கோ பெரியம்மா?" என்று கேட்டோம். "லண்டனிலை எங்கையடி வேப்பமரம்? இது ஆமைக்கு" என்று குரல்பதிவு வந்தது. திருநெல்வேலிப் போர்டிங்கில் நாலு பேரும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தோம். ஆமைக்கு வடகம்!

சிரித்து முடிந்த பிறகுதான் கேள்விகள் வந்தன. ஆமைக்கு ஏன் காய்ந்த இலை? அது என்ன ஆமை? அதை ஏன் வீட்டில் வைத்திருக்கிறியள்? பெரியம்மாவுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோசம். ஒரு கிழமையாகக் குரல்பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. அந்த ஒரு கிழமையில் எங்களுக்குக் கிடைத்த விசயங்களையும், அதுக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த சண்டைகளையும்தான் இங்கே எழுதுகிறோம்.

அது ஹேர்மன் ஆமை. தென் ஐரோப்பாவில், மத்தியதரைக் கடலை அண்டிய நாடுகளில் வாழும் தரை ஆமை. பேரனின் பிறந்தநாளுக்கு மகன் வாங்கிக் கொடுத்தது. பேரன் மூன்று மாதம் விளையாடினான், பிறகு ஐபாட்டுக்குத் திரும்பிவிட்டான். ஆமை பெரியம்மாவின் பொறுப்பாயிற்று. (இது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், ஆமைக்குப் பதிலாக நாய்க்குட்டி.) இந்த ஆமைகள் குளிர்காலத்தில் சாப்பிடாமல் கொள்ளாமல் மாதக்கணக்கில் உறங்கும். வீட்டு ஹீற்றர் சூட்டில் அவற்றால் ஒழுங்காக உறங்க முடியாது என்பதால், ஏறக்குறைய 5 பாகை குளிரில் வைத்திருக்க அங்கே பலர் அவற்றைப் பிறிட்ஜுக்குள் வைக்கிறார்களாம். மரக்கறிக்குப் பக்கத்தில் இல்லை, அதுக்கென்றே ஒரு பிறிட்ஜ். இதை நாங்கள் முதலில் நம்பவில்லை, தேடிப் பார்த்தோம், உண்மைதான். ஆனால் நோய்பட்ட ஆமையை, எடை குறைந்த ஆமையை உறங்க விடக்கூடாது. பெரியம்மாவின் ஆமைக்கு அந்த வருசம் எடை காணாது. மிருகவைத்தியர் "இந்தக் குளிருக்கு இதை முழிப்பாக வைத்திருங்கோ" என்று சொல்லிவிட்டார். முழித்திருந்தால் சாப்பிடும். மார்கழியில் லண்டன் வளவில் அதுக்கு என்ன இருக்கும்?

எடை ஏன் குறைந்தது என்றதுதான் பெரியம்மா சொல்லக் கூச்சப்பட்ட பகுதி. ஆமைக்குச் சோறு கொடுத்திருக்கிறா. பருப்போடு குழைத்த சோறு. பிறகு தக்காளி, வாழைப்பழம், பப்பாசி. "பிள்ளை ஆசையாச் சாப்பிட்டுதடி" என்றா. ஆசையாகத்தான் சாப்பிடும். எங்களுக்கும் கொத்துரொட்டி ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆமையின் குடல் நாரை மெல்ல மெல்லப் புளிக்கவைத்துச் சமிக்கிற குடல். அதுக்குள் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் பாதி வேலையைச் செய்கின்றன. சீனி கூடின பழம் உள்ளே போனால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். புரதம் கூடி, கல்சியம் குறைந்தால் ஓடு பழுதாகும். ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் குட்டிக் கோபுரம்போல மேலே எழும்பும். இருப்பிடத்தில் ஈரப்பதன் போதாவிட்டாலும் அப்படி வருமாம். எழும்பிய ஓடு பிறகு தட்டையாகாது. படத்தில் பார்த்தோம், பெரியம்மாவின் ஆமைக்கு முதுகில் இரண்டு இடத்தில் அப்படி இருக்கிறது. அவ அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. "நான் அன்பாத்தான் குடுத்தனான்" என்றா.

மிருகவைத்தியர் கொடுத்த பட்டியலைப் பார்த்து மகன் தலையில் கைவைத்தாராம். அதில் இருந்ததெல்லாம் புல்லுப் பூண்டு. டன்டலையன் (மஞ்சளாகப் பூத்து, பிறகு ஊதினால் பஞ்சாகப் பறக்குமே, கார்ட்டூன்களில் பார்த்திருப்பீர்கள்), றிப்வோர்ட், குளோவர், சவ்திசில். வெள்ளைக்காரர் தங்கட புல்வெளியிலிருந்து கொத்திக் கிளறி எறிகிற களைகள். சுப்பர் மார்க்கெட்டில் இல்லை. இருக்கிறது சலாட் இலை, அது பெரும்பாலும் தண்ணீர். ஆக, கோடையில் இந்தப் பூண்டுகளைப் பறித்துக் காயவைத்து, குளிருக்குச் சேர்த்து வைக்கவேண்டும். இணையத்தில் காய்ந்த களை பைக்கற்றில் விற்கிறார்கள். விலையைப் பார்த்த பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புல்லுக்குக் காசோ? நான் ஒடியலே காயவைச்சவள்" என்றா.

அந்த வசனத்தில் எங்களுக்கு ஒரு பொறி தட்டியது. எங்கட ஆட்கள் எதைத்தான் காயவைக்கவில்லை? பனங்கிழங்கைப் பிளந்து ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிப் பினாட்டு, வேப்பம்பூ வடகம், பாகற்காய் வத்தல், மோர்மிளகாய், செத்தல், கருவாடு. மழைக்காலத்துக்கும் பஞ்சகாலத்துக்கும் வெயிலைச் சேமித்து வைக்கிற வேலை அது. லண்டன் வீட்டில் இந்த அறிவுக்கு இருபது வருசமாக ஒரு வேலையும் இருக்கவில்லை. மருமகளுக்கு வடக மணம் பிடிக்காது, பக்கத்து வீட்டுக்காரர் கருவாட்டுக்கு முறைப்பாடு செய்தார்கள். கடைசியில் அந்த அறிவை வேலைக்கு எடுத்தது ஒரு ஆமை.

அவ சொன்ன முறையை அப்படியே எழுதுகிறோம். காலைப் பனி காய்ந்த பிறகு பறிக்கவேண்டும், ஈரத்தோடு பறித்தால் பூஞ்சணம் பிடிக்கும். றோட்டோரத்தில் பறிக்கக்கூடாது, நாய் போகிற இடத்திலும் பறிக்கக்கூடாது. மருந்து அடித்த புல்வெளிப் பக்கமே போகக்கூடாது. வெயிலில் போடக்கூடாது, வெயிலில் இலை வெளிறி வைக்கலாகிவிடும். நிழலில், காத்தோட்டத்தில், ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பரப்பி, நாளுக்கு இருதரம் புரட்டவேண்டும். "முருங்கையிலைக்குச் செய்யிறமாதிரித்தான்" என்றா. லண்டன் கோடையை நம்பேலாது, மழை வந்தால் சுடுதண்ணி பொயிலர் இருக்கிற அலுமாரித் தட்டில் விரிப்பாவாம். கையில் எடுத்து நசித்தால் நொறுங்கவேண்டும், ஆனால் பச்சை நிறம் போயிருக்கக்கூடாது. காம்பு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பொலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துப் பழுதாகும், கடதாசிப் பை அல்லது துணிப் பை நல்லது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் மூக்கை வைத்து மணந்து பார்க்கவேண்டும், புழுங்கல் மணம் வந்தால் யோசிக்காமல் எறியவேண்டும். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணியில் ஊறவைத்துக் கொடுக்கலாம், அல்லது நொறுக்கிப் பச்சை இலைக்கு மேலே தூவலாம். முதலில் ஆமை முகத்தைத் திருப்பியதாம். நாலு நாள் பட்டினி கிடந்து, ஐந்தாம் நாள் சாப்பிட்டதாம். நாலு நாளும் பெரியம்மாவும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று மகன் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடேலாது. கல்சியத்துக்கு ஆமை கொறிக்கிறதற்குக் கணவாய் ஓடு வைக்கவேணுமாம். பண்ணைப் பக்கமும் காரைநகர்ப் பக்கமும் கரையில் காலில் இடறுகிற அதே கணவாய் ஓடு. அங்கே கடையில் காசு கொடுத்து வாங்குகிறா.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த இரவுகளில் ஒன்றில்தான் எங்களில் மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை தன் கதையைச் சொன்னாள். ஐந்தாம் ஆண்டு படித்த காலம். முதல் மழை பெய்த மறுநாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவளும் தம்பியும் ஒரு ஆமையைக் கண்டார்கள். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நடுவிலிருந்து வெடித்துப் பரவினமாதிரி. நட்சத்திர ஆமை. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கிணற்றுக்குள் ஆமை விட்டால் தண்ணி சுத்தமாக இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள், சில கிணறுகளில் கறுத்த ஆமை மிதப்பதை அவர்களே பார்த்திருக்கிறார்கள். ஆகவே வாளியில் வைத்து மெதுவாக இறக்கினார்கள். கவனமாக, அதுக்கு நோகாமல். மூன்றாம் நாள் அது மிதந்தது. அம்மா கிணற்றை இறைத்தா. அவர்களுக்கு அடியும் விழவில்லை, விளக்கமும் கிடைக்கவில்லை.

கிணற்றில் வாழ்கிறது நன்னீர் ஆமை, அதன் கால்விரல்களுக்கு நடுவே நீந்துகிற சவ்வு இருக்கிறது. நட்சத்திர ஆமை தரை ஆமை, யானைக் கால்போலத் தூண் கால். அதுக்கு நீந்தத் தெரியாது. தமிழில் எங்களுக்குக் கடலில் இருக்கிறதும் ஆமை, குளத்தில் இருக்கிறதும் ஆமை, காட்டில் நடக்கிறதும் ஆமை. பத்து வயதுப் பிள்ளைக்கு வித்தியாசத்தை யார் சொல்லிக் கொடுத்தது? பாடப்புத்தகத்தில் ஆமையும் முயலும் ஓடியதோடு சரி. "அது ஓட்டப்போட்டியிலை வெல்லும் எண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றாள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

இனி எங்கட கருத்து. இலங்கையில் இருக்கிற எவரும் பெரியம்மாவைப் பார்த்து ஆமை வளர்க்க ஆசைப்படக்கூடாது. நட்சத்திர ஆமை எங்கட வரண்ட வலயத்துக்குச் சொந்தமானது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம், பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். இது உள்நாட்டுச் சட்டத்தோடு முடிகிற விசயமும் இல்லை. உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துகிற சைற்ஸ் சமவாயத்தின் 18ஆவது மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்க இருந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அது ஜெனீவாவுக்கு மாறி, ஆவணியில் நடந்தது. அங்கேதான் நட்சத்திர ஆமை முதலாம் பட்டியலுக்கு ஏற்றப்பட்டது. அதாவது காட்டில் பிடித்ததை வியாபாரத்துக்கு நாடு கடத்துவது அடியோடு தடை. அதைக் கேட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்த வருசச் செய்திகளில் எங்களுக்கு நினைவிருப்பது குண்டும் ஊரடங்கும்தான், இது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. பாக்குநீரிணை வழியாக ஆமைகளைப் பைகளில் அடைத்துக் கடத்தியவர்கள் பிடிபடுகிற செய்தி இன்றும் அவ்வப்போது வருகிறது. ஓடு வடிவாக இருப்பதுதான் அதன் குற்றம்.

ஐரோப்பாவும் சுத்தமான கை இல்லை. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து லட்சக்கணக்கில் ஆமைகளைப் பெட்டிகளில் ஏற்றி பிரித்தானியாவில் விற்றார்கள், பெருந்தொகை முதல் குளிரிலேயே செத்தது. 1984இல்தான் ஐரோப்பாவுக்குள் அந்த இறக்குமதி தடைப்பட்டது. இப்போது விற்கப்படுகிறவை அங்கேயே பிறந்தவை, ஹேர்மன் ஆமை என்றால் சான்றிதழோடு வரவேண்டும். பெரியம்மாவின் ஆமைக்கும் ஒரு கடதாசி இருக்கிறது. அதனால் எல்லாம் சரியென்று நாங்கள் சொல்லவில்லை. ஒலிவ் மரத்தடியில் நடக்கவேண்டியது லண்டன் வீட்டு மூலையில் பல்ப் வெளிச்சத்தில் நிற்பது எங்களுக்கு என்னவோபோலத்தான் இருக்கிறது. அதைப் பெரியம்மாவிடம் சொன்னோம். "நானும் இஞ்சை பல்ப் வெளிச்சத்திலைதானே இருக்கிறன்" என்று பதில் வந்தது. அதுக்கு மேல் நாங்கள் வாய் திறக்கவில்லை.

ஆனால் பெரியம்மாவிடமிருந்து எடுக்கவேண்டியது வேறொன்று இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். ஆமைக்காக அவ தன் வளவில் ஒரு துளி களைநாசினியும் அடிக்க விடுவதில்லை. புல்லு வெட்ட வருகிறவரோடு சண்டை. அடித்தால் ஆமைக்கு அங்கே சாப்பாடு இல்லை, அவ்வளவுதான். இங்கே நாங்கள் என்ன செய்கிறோம்? எங்களில் ஒருத்தி படித்த பாடசாலையில் விளையாட்டுப்போட்டிக்கு முதல் கிழமை மைதானச் சிரமதானம் நடக்கும். முன்பு மண்வெட்டியும் கடகமும் கொண்டுபோனோம். பிறகு ஒரு ஆள் முதுகில் தாங்கியோடு வந்தார், நாலு நாளில் எல்லாம் மஞ்சளாகிச் செத்தது. "பார், எவ்வளவு சுத்தம்" என்றார்கள். கோயில் வீதியிலும் அதுதான், வீட்டு வளவிலும் அதுதான், வெளிநாட்டில் இருக்கிறவர்களின் பூட்டிய வீடுகளில் நிச்சயமாக அதுதான். மகன் கனடாவிலிருந்து காசு அனுப்புவார், வருசம் இருதரம் மருந்தடிப்பார்கள். அந்த வளவில்தான் முன்பு அயலட்டை ஆடுகள் மேய்ந்தன. குழையும் புல்லும் தேடி இப்போது ஆட்டுக்காரர் எவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கிறார் என்று விடியப்புறம் எழும்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. கலைப்பீடத்தில் இருந்துகொண்டு களைநாசினி வேண்டாம் என்பது சுகம். வெங்காயத் தறையில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்குவது யார்? நாட்கூலிக்கு வரும் பெண்கள்தான், பகல் முழுக்க நாரி முறிய. எங்களில் ஒருத்தியின் அம்மாவே போயிருக்கிறா. "அம்மாவின்ரை நாரியை வைச்சு நீங்கள் கட்டுரை எழுதாதேங்கோ" என்றாள். நியாயம். கிளைபோசேற்றை 2015இல் தடைசெய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள், 2022இல் தடையை எடுத்துவிட்டார்கள். இடையில் 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தி விவசாயியை நடுத்தெருவில் விட்ட கூத்தையும் பார்த்தோம். ஆகவே தோட்டக்காரரைப் பார்த்துத் தடை தடை என்று கத்த எங்களுக்கு விருப்பமில்லை. நாங்கள் கேட்பது சின்ன விசயம். விளைச்சல் எடுக்காத இடத்தில், பாடசாலையில், கோயில் வீதியில், பூட்டிய வளவில், எதுக்கு மருந்து? அங்கே எந்தப் பயிரோடு அந்தப் புல்லு போட்டி போடுகிறது?

எல்லாப் பூண்டும் நல்லது என்று சொல்கிற ஆட்களும் நாங்கள் இல்லை. பார்த்தீனியத்தைக் கண்டால் பூக்க முதல் கையுறை போட்டுப் பிடுங்கவேண்டும், தோலில் பட்டால் கடிக்கும், மூச்சு முட்டும், கால்நடைக்கும் கூடாது. இந்திய இராணுவத்தோடு வந்தது என்று ஊரில் அதுக்கு ஒரு கதை இருக்கிறது. எருக்கலையையும் அலரியையும் ஆட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக்கூடாது. பெரியம்மாவுக்கும் அங்கே ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. ஆனால் விலக்கவேண்டியதை விலக்குவதற்கு முதலில் பெயர் தெரியவேண்டும். மருந்துத் தாங்கிக்குப் பெயர் தெரியாது, அது பார்த்தீனியத்தையும் சாரணையையும் ஒன்றாகத்தான் பார்க்கும். 2022இல் காஸும் இல்லை மரக்கறி விலையும் ஏறின நாட்களில் எங்கள் வீடுகளில் சட்டிக்குள் போனது அந்தச் சாரணையும் முசுட்டையும் வேலியோர முல்லையும்தான். அப்போது அம்மம்மாமார் பறித்து வந்தார்கள், நாங்கள் சாப்பிட்டோம். எங்கே பறித்தது, எப்படி அடையாளம் கண்டது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

(தமிழில் இந்தச் சொல்லே விசித்திரம். முகத்தில் இருந்தால் களை நல்லது, கல்யாணவீடு களைகட்டினால் நல்லது, வளவில் களை வந்தால் மட்டும் மருந்தடிக்கவேணும்.)

போன சனிக்கிழமை போர்டிங் வளவைத் துப்புரவாக்கும் முறை எங்களுக்கு. வீட்டுக்கார அம்மா வழமைபோல மருந்தடிக்க ஆள் பிடிக்கப் பார்த்தா. நாங்கள் பிடுங்குகிறோம், நீங்கள் கதிரையைப் போட்டு இருந்து பெயர் மட்டும் சொல்லுங்கோ என்றோம். "கம்பஸ் பிள்ளையளுக்குப் புல்லுப் பேரோ" என்று சிரித்தா, ஆனால் இருந்தா. மூக்கிரட்டை, சாரணை, குப்பைமேனி, கீழ்க்காய்நெல்லி, நெருஞ்சி, கோரை, அறுகு. மதிலோரம் நிறைய நின்ற, வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமான சின்னப் பூவுக்கு அவ மூக்குத்திப்பூண்டு என்றா. தேடிப் பார்த்தோம், பெரியம்மாவின் டன்டலையனும் அதுவும் ஒரே குடும்பம். மத்தியானத்துக்குள் பதினேழு வகை சேர்ந்தது. ஒவ்வொன்றையும் பழைய கொப்பித் தாளில் ஒட்டிப் பெயர் எழுதினோம். மூன்றுக்கு அவவுக்கும் பெயர் தெரியவில்லை. இரண்டைப் பார்த்து "ஆடு தின்னும்" என்றா, ஒன்றைப் பார்த்து "தின்னாது" என்றா. அப்படியே எழுதி வைத்திருக்கிறோம். பெரியம்மாவுக்குப் படம் அனுப்பினோம். மூக்கிரட்டையைச் சுற்றி வட்டம் போட்டு, இதை நிழலில் காயவைத்து அனுப்பேலாதோ என்று கேட்டிருக்கிறா. ஆமைக்கில்லையாம், தனக்காம்.